சாதகப் பொருத்தமும் திட்டப் பொருத்தமும்

திருமணம் பேச முற்படுவோர் இரண்டு சாதகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு சோதிடரிடம் செல்கின்றனர். சோதிடர் மணமகளைக் கண்டவர் அல்லர். மணமகனோடு பேசியவரும் அல்லர். அவள் மேலே படிக்க விரும்புகிறாளா, அவன் குடிப்பழக்கம் உள்ளவனா என்று அவர் கேட்பதில்லை. கட்டத்தோடு கட்டத்தை ஒட்டிப் பார்க்கிறார். நட்சத்திரத்தோடு நட்சத்திரத்தைக் கூட்டிக் கழிக்கிறார். "பத்துக்கு எட்டுப் பொருத்தம் உண்டு" என்று சொல்லித் தட்சிணையைப் பெற்றுக்கொள்கிறார். வாழ்ந்து தீரவேண்டியவர்கள் இருவர். பொருந்தியவையோ இரண்டு தாள்கள்!

இந்த வேடிக்கையைக் கண்டு நகைக்கக் கற்றுக்கொண்டவர்கள் நாம். ஆனால் இதே வேலையை ஒருவர் கணிப்பொறி அட்டவணையோடும், ஆங்கில அறிக்கையோடும், பன்னாட்டு நிறுவனத்தின் முத்திரையோடும் செய்வாரானால், நகைப்பை மறந்து கைகட்டி நின்றுவிடுகிறோம். அந்த அறிக்கையிலும் 'பொருத்தம்' என்றொரு பகுதி உண்டு. அதிலும் தாளோடு தாள் ஒப்பிடப்படுகிறது. அதிலும் பெரும்பாலும் பொருத்தம் 'உண்டு' என்றே முடிகிறது. பன்னாட்டு நிதியில் நடந்த வளர்ச்சித் திட்டங்களைப் பற்றிய மதிப்பீட்டு அறிக்கைகளைத்தான் சொல்கிறோம். அவ்வறிக்கைகளை ஓர் இலக்கிய வகையாகவே கொண்டு, அதன் ஒரு சொல்லை மட்டும் எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். உரைகல்லாக நாம் எடுத்துக்கொள்வது, ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் நம் குழாய்களில் வந்து விழும் ஒகேனக்கல் தண்ணீர்.

ஏட்டோடு ஏடு

பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான பொருளாதாரக் கூட்டுறவு வளர்ச்சி அமைப்பு, தன் வளர்ச்சி உதவிக் குழுவின் வாயிலாக 1991-இல் சில நெறிகளை வகுத்தது. ஒரு திட்டம் முடிந்தபின் அதனை ஐந்து உரைகற்களில் உரைத்துப் பார்க்கவேண்டும் என்றது. பொருத்தம், பயன்விளைவு, செயல்திறன், தாக்கம், நிலைத்தன்மை என்பன அவை. 2019-இல் அவற்றைத் திருத்தி, 'இயைபு' என ஆறாவதையும் சேர்த்தனர். பொருத்தம் என்பதற்கும் அப்போது விரிந்த விளக்கம் தந்தனர். திட்டத்தின் குறிக்கோள் மட்டுமின்றி அதன் அமைப்பு முறையும் பயனாளிகளின் தேவைக்கு ஒத்திருக்கவேண்டும். சூழ்நிலை மாறினாலும் தொடர்ந்து ஒத்திருக்கவேண்டும் என்பது அதன் சாரம். நல்ல விளக்கம், நாமே எழுதியிருந்தாலும் இதைவிட நன்றாக எழுதியிருக்க மாட்டோம்.

ஆனால் விளக்கம் ஒரு பக்கம். வழக்கம் இன்னொரு பக்கம். 100 கோடி யென்னும் அதற்கு மேலும் செலவான திட்டங்களை, வெளி மதிப்பீட்டாளரைக் கொண்டு முடிவுக்குப் பின் ஆராயும் முறையை ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமை, அதாவது ஜைக்கா, வைத்திருக்கிறது. பாராட்டவேண்டிய முறை. கடன் கொடுத்தவர் தம் கணக்கைத் தாமே வெளியிடுவது எளிய செயல் அன்று. எனினும் அவ்வறிக்கைகளில் பொருத்தம் என்னும் பகுதி நெடுங்காலம் எப்படி எழுதப்பட்டது? மூன்றே தலைப்புகள். கடன் பெற்ற நாட்டின் வளர்ச்சிக் கொள்கையோடு ஒத்ததா? அந்நாட்டின் வளர்ச்சித் தேவையோடு ஒத்ததா? ஜப்பானின் உதவிக் கொள்கையோடு ஒத்ததா?

மூன்றில் இரண்டு, ஏட்டோடு ஏட்டை ஒப்பிடும் வேலை. 'எல்லோருக்கும் நல்ல குடிநீர்' என்று எழுதாத ஐந்தாண்டுத் திட்டம் உண்டா? 'குடிநீர்த் துறைக்கு முன்னுரிமை' என்று எழுதாத உதவிக் கொள்கை உண்டா? இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துப் 'பொருந்துகிறது' என்று எழுத அறிஞர் எதற்கு? எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் போதும். மூன்றாவதான தேவை என்பதும் பெரும்பாலும் நாட்டின் தேவையாக, மாவட்டத்தின் தேவையாக, சராசரி எண்ணாக நின்றுவிடுகிறது. சராசரிக்கு வாய் இல்லை. அது தண்ணீர் குடிப்பதும் இல்லை.

மதிப்பீட்டாளர் ஊருக்குள் வருவதே இல்லை என்று நாம் கூறவில்லை. வருகிறார், வீடுகளில் கேட்கிறார், குறித்துக்கொள்கிறார். ஆனால் அந்த விடைகள் 'பயன்விளைவு', 'தாக்கம்' என்னும் பகுதிகளுக்குப் போய்ச் சேர்கின்றன. பொருத்தம் என்னும் முதற்பகுதி, யாரையும் கேட்பதற்கு முன்னரே ஏறத்தாழ எழுதி முடிந்துவிடுகிறது. அதனால்தான் மற்றவற்றில் மதிப்பெண் ஏறியும் இறங்கியும் காணப்பட, பொருத்தத்தில் மட்டும் திட்டங்கள் பெரும்பாலும் உயர் மதிப்பெண்ணே பெற்றுவிடுகின்றன. எல்லா மாணவரும் நூற்றுக்கு நூறு வாங்கும் தேர்வில், குறை மாணவரிடம் இல்லை; வினாத்தாளில் இருக்கிறது.

பல் சொல்லும் சாட்சி

இனி நம் மண்ணுக்கு வருவோம். தருமபுரி மாவட்டத்திலும், 2004-இல் அதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் நிலத்தடியில் இருப்பது கருங்கல் இனப் பாறை. அப்பாறையின் கனிமங்களில் புளோரைடு உண்டு. நீர் அதனோடு நெடுநாள் தொட்டுக்கொண்டிருந்தால் புளோரைடு கரைந்து கலக்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதலில் பல் கறைபடுகிறது; பிறகு எலும்பு இறுகுகிறது; கழுத்தும் முதுகும் மூட்டும் வளைய மறுக்கின்றன. இதற்குப் பெயர் புளோரோசிஸ். வந்தபின் மாற்றும் மருந்து இல்லை.

இந்த நோய் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் காணப்பட்டதை மருத்துவர்கள் 1937-இலேயே எழுதி வைத்தனர். நோய் அறியப்பட்டது 1937-இல். ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தது 2013-இல். இடையில் 76 ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும் மக்கள் என்ன நினைத்தனர்? தலையெழுத்து என்றனர், முன்வினை என்றனர், பரம்பரை என்றனர். 'பெண்ணுக்குப் பல் கறை' என்று சொல்லி வரனைத் தட்டிக்கழித்தவர்களும் உண்டு. கட்டத்தில் எட்டுப் பொருத்தம் பார்த்தவர்கள், கிணற்றில் எத்தனை மில்லிகிராம் என்று பார்க்கவில்லை. விதி என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது வெறும் வேதியியல்.

ஆகவே ஒகேனக்கல் குடிநீர் வழங்கல் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டத்தின் குறிக்கோள் பொருத்தமானதா என்று கேட்டால், ஆம், ஆயிரம் முறை ஆம் என்போம். பாறை நீரை விடுத்துக் காவிரி நீரைக் கொணர்வது என்னும் முடிவு அறிவியலுக்கு ஒத்த முடிவு. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. மார்ச் மாதத்தில் ஜப்பான் வங்கியோடு கடன் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று; கடன் 2,200 கோடி யென்னுக்கும் மேல். அவ்வாண்டு அக்டோபரில் அவ்வங்கியின் உதவிக் கடன் பிரிவு ஜைக்காவோடு இணைந்தது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் பணியை நிறைவேற்றியது. செலவு ஏறத்தாழ 1,929 கோடி ரூபாய். 2013 மே மாதத்தில் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஓர் ஆட்சி அடிக்கல் நாட்டியது, மற்றோர் ஆட்சி திறந்து வைத்தது. தண்ணீருக்குக் கட்சி இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

குறிக்கோள் பொருந்துகிறது. அதோடு பேனாவை மூடிவிடலாமா? கூடாது என்பதே நம் வாதம். குறிக்கோள் என்பது சாதகக் கட்டம். குழாயில் வந்து விழுவதே வாழ்க்கை.

குறிக்கோள் நல்லதாயிருந்தும் அமைப்பு பொருந்தாமற் போனதற்கு அயலில் ஒரு கொடிய சான்று இருக்கிறது. குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காக்க, வங்கதேசத்தில் யூனிசெஃப் முதலிய நிறுவனங்கள் 1970-களில் குழாய்க் கிணறுகளைப் பரப்பின. உயர்ந்த நோக்கம், எந்தக் கொள்கை ஏட்டோடும் பொருந்தக்கூடிய நோக்கம். ஆனால் அந்த நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருந்தது. 1993-இல்தான் அது உறுதியாயிற்று. அதற்குள் கோடிக்கணக்கானோர் அதனைக் குடித்துப் பழகிவிட்டனர். இந்தியாவிலும் 1967-ஆம் ஆண்டு வறட்சிக்குப் பின் கடும்பாறையைத் துளைக்கும் இயந்திரங்களை யூனிசெஃப் கொணர்ந்தது. நம் ஊர்களில் இன்றும் நிற்கும் கைபம்பு, கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதித்துத் தேறிய வகை. காலராவை அது விரட்டியது, நன்றி சொல்வோம். ஆனால் பாறைக்குள் ஆழப் போகப் போக, புளோரைடும் கூடவே ஏறி வந்தது. ஒரு காலத்தின் பொருத்தமான திட்டம், அடுத்த காலத்தின் நோய்க்கு வாயிலாகலாம். பொருத்தத்தை ஒருமுறை எழுதி உறையிலிட்டு ஒட்டிவிடக் கூடாது என்பதற்கு வேறென்ன காரணம் வேண்டும்?

தொட்டியில் கலக்கும் கை

ஒகேனக்கல் நீர் நேராக வாய்க்கு வருவதில்லை. சுத்திகரிக்கப்பட்டு, மேட்டுக்கு ஏற்றப்பட்டு, பெருந்தொட்டிகளின் வழியே ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு வருகிறது. அங்கே அதனைத் திறந்துவிடுபவர், நாம் டேங்க் ஆபரேட்டர் என்று அழைக்கும் எளிய ஊழியர். ஆற்று நீர் குறைவாக வரும் நாளில், ஊர்மக்கள் கூச்சலிடாதிருக்க, ஆழ்துளைக் கிணற்று நீரையும் அதே தொட்டியில் ஏற்றிக் கலப்பது ஊராட்சிகளில் காணக்கூடிய வழக்கம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஏழாம் வகுப்பு மாணவரும் போடக்கூடிய கணக்கு. ஆழ்துளைக் கிணற்றில் லிட்டருக்கு 3 மில்லிகிராம், ஆற்று நீரில் 0.3 மில்லிகிராம் என்று கொள்வோம். சரிபாதியாகக் கலந்தால் 1.65. பொறுத்துக்கொள்ளும் எல்லையாகிய 1.5-ஐயும் தாண்டிவிட்டது! ஒரு பங்கு கிணற்று நீருக்கு மூன்று பங்கு ஆற்று நீர் என்றால் 0.975, எல்லைக்குள் வந்துவிட்டது. ஆக, யென்னில் வாங்கிய கடனும், ஆயிரம் கோடி ரூபாய்ச் செலவும், பன்னாட்டு உடன்படிக்கையும் கடைசியில் ஒரு வால்வைத் திருகும் கையில் வந்து நிற்கின்றன. அந்தக் கைக்கு இந்தக் கணக்கு சொல்லிக்கொடுக்கப்பட்டதா? அளந்து பார்க்கும் கருவி தரப்பட்டதா? உரிய கூலியாவது தரப்படுகிறதா? திட்டத்தின் பொருத்தம் புதுதில்லியிலும் டோக்கியோவிலும் உள்ள ஏடுகளில் தீர்மானிக்கப்படுவதாக எழுதுவோர், அது அந்த ஊழியரின் மணிக்கட்டில் தீர்மானிக்கப்படுவதைக் காணவில்லை.

இன்னொன்று. நிர்ணயிக்கப்பட்ட எல்லை, சராசரி மனிதர் குடிக்கும் தண்ணீரின் அளவை மனத்திற்கொண்டு வகுத்தது. வெயிலில் மாங்காய் பறிப்பவரும், உலைக்கூடத்தில் வார்ப்பு ஊற்றுபவரும், கல்குவாரியில் உளி பிடிப்பவரும் அதே அளவா குடிக்கின்றனர்? உழைப்பவர் அதிகம் குடிக்கிறார். ஆகவே அதிகம் உட்கொள்கிறார். பொருத்தத்தின் கணக்கில் உழைப்பு இடம் பெறவில்லை.

வளர்ந்த ஊர், பழைய கணக்கு

சூழ்நிலை மாறினாலும் பொருந்துகிறதா என்னும் கேள்விக்கு ஓசூரைவிடச் சிறந்த தேர்வுக்களம் கிடைக்காது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பின்னர் அசோக் லேலண்டும், டி.வி.எஸ்ஸும், டைட்டனும் வந்தன. அண்மை ஆண்டுகளில் மின்வண்டி ஆலைகளும் மின்னணு ஆலைகளும் மாவட்டத்தை நிறைத்து வருகின்றன. 2008-இல் நகராட்சியாக இருந்த ஊர் 2019-இல் மாநகராட்சியாயிற்று. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர், ஒரே அறையில் பலராகத் தங்கி, 20 லிட்டர் தண்ணீர்க் கேனைக் காசு கொடுத்து வாங்குகின்றனர். திட்டம் தீட்டியபோது அவர்கள் கணக்கில் இல்லை. குடும்ப அட்டையும் அவர்களிடம் இல்லை. பயனாளிகளைக் கணக்கெடுக்கும்போது அவர்கள் இரவு வேலையில் இருந்திருப்பர்.

அளவுகோலும் மாறிவிட்டது. திட்டம் தீட்டிய காலத்தில் கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்பது நாட்டின் விதி. 2019-இல் வந்த ஜல் ஜீவன் திட்டம் அதனை 55 லிட்டர் என்றது. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கோ 135 லிட்டர். கிராமத்தானுக்கு 55, நகரத்தானுக்கு 135 என்னும் இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே சொல்ல வேண்டியது இதுதான்: அளவுகோலே வளர்ந்துவிட்டபின், பழைய அளவுகோலுக்குப் பொருந்தியதைக் காட்டி 'பொருத்தம் உண்டு' என்பது, ஐந்து வயதில் தைத்த சட்டையைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மாட்டிவிட்டுத் தையற்காரரைப் புகழ்வது போன்றது.

ஒகேனக்கல்லுக்கும் ஓசூருக்கும் உயர வேறுபாடு 600 மீட்டருக்கும் மேல். பள்ளத்து ஆற்றிலிருந்து மேட்டு நகருக்கு இவ்வளவு தண்ணீரை நாள்தோறும் மின்சாரத்தால் ஏற்றுகிறோம். ஓசூரை ஒட்டியே தென்பெண்ணை ஓடும்போது இந்தப் பாடு எதற்கு? விடை அடுத்த பகுதியில் வருகிறது.

ஒரே கடனாளர், இரண்டு கரை

பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே தென்பெண்ணையில் இறங்குகிறது. ஓசூருக்கு அருகில் கெலவரப்பள்ளி அணையில் அது வெண்ணுரையாகப் பொங்கி நிற்கும் காட்சியைச் செய்தித்தாள் படிப்போர் அனைவரும் அறிவர். அந்நகரத்தின் மேற்குப் பக்கத்துக் கழிவோ விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் சேர்ந்து, மேக்கேதாட்டுக்கு அருகில் காவிரியில் கலக்கிறது. அந்த இடம் ஒகேனக்கல்லுக்கு மேலே இருக்கிறது. ஆக, நாம் கைவிட்ட ஆற்றுக்கும், நாம் நம்பியிருக்கும் ஆற்றுக்கும் தலைமாட்டில் இருப்பது ஒரே நகரம்.

அந்நகரத்துக்குக் காவிரி நீரைக் கொண்டுசென்ற நான்காம் கட்டத் திட்டத்துக்குக் கடன் கொடுத்தது யார்? ஜப்பான். 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்ட ஐந்தாம் கட்டத் திட்டத்துக்குக் கடன் கொடுத்தது யார்? அதுவும் ஜைக்காதான். நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் மேலும் அந்நகரத்துக்குப் போகிறது. போகும் நீரில் பெரும்பகுதி கழிவாகத் திரும்பும் என்பது வீட்டுக் கணக்கு. அத்திட்டங்களில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் அடக்கம் என்பதை மறைக்காமல் சொல்கிறோம். ஆனால் மேலே ஒரு திட்டத்துக்கும் கீழே ஒரு திட்டத்துக்கும் ஒரே நிறுவனம் கடன் கொடுத்திருக்கையில், இரண்டையும் ஒரே மேசையில் வைத்து மதிப்பிட வேண்டாமா? மேலே உள்ள சுத்திகரிப்பு நிலையம் ஓடாவிட்டால், கீழே உள்ள திட்டத்தின் பொருத்தம் என்னாகும் என்று கேட்க வேண்டாமா? 2019-இல் சேர்த்த 'இயைபு' என்னும் உரைகல் இதற்கல்லாமல் வேறு எதற்கு?

எல்லைச் சண்டையை மூட்டுவதற்காக இதனைச் சொல்லவில்லை. 1998-இல் இரு மாநிலங்களும் ஒன்றன் குடிநீர்த் திட்டத்துக்கு மற்றொன்று தடையில்லை என்று நடுவணரசின் முன்னிலையில் ஒப்புக்கொண்டன; பெங்களூருக்கு அது, நமக்கு இது. 2008-இல் அதனை மறந்து கன்னட அமைப்புகள் கிளர்ச்சி செய்தன. ஏப்ரல் மாதத்தில் திட்டம் சிறிது காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த நாள்களில் இரு பக்கமும் முழங்கியவர்களில் எத்தனை பேருக்குப் புளோரைடு என்றால் என்னவென்று தெரியும்? கோலாரிலும் கறைபடிந்த பல்லோடு கன்னடக் குழந்தைகள் இருக்கின்றனர் என்பதைச் சொன்னவர் எத்தனை பேர்? பாறைக்கு மொழி எல்லை கிடையாது.

மக்களுக்கு என்ன தெரியும் என்பவர்க்கு

நம்மை மறுப்போர் இரண்டு சொல்வர். முதலாவது: 'கடன் கொடுத்தவரையே குறை சொல்வதா? அவர் இல்லையேல் தண்ணீர் ஏது?' இது அன்னதானம் பெற்றவன் வாய்திறக்கலாகாது என்னும் பழைய புத்தி. கடன் தானம் அன்று. அதனை வட்டியோடு திருப்பித் தருபவர் மக்கள். கடன் பெற்றவர் கணக்குக் கேட்பது நன்றிகெட்டதனம் ஆகாது. உலக வங்கி நிதியில் நடந்த சர்தார் சரோவர் அணையைப் பற்றி ஆராய, 1991-இல் பிராட்போர்டு மோர்ஸ் தலைமையில் ஒரு தற்சார்புக் குழுவை அவ்வங்கியே அமைத்தது. குழுவினர் ஊர் ஊராகச் சென்றனர்; 1992-இல் அவர்கள் தந்த அறிக்கை வங்கியையே குற்றஞ்சாட்டியது; 1993-இல் எஞ்சிய கடன் வேண்டாமென இந்தியா விலகிக்கொண்டது. ஜப்பானும் அத்திட்டத்துக்கான கடனை 1990-இலேயே நிறுத்திக்கொண்டது. அந்த அணையை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இன்றும் இருக்கின்றனர். அது வேறு வழக்கு. மதிப்பீட்டாளர் நடந்து சென்று கேட்டால் பொருத்தத்தில் 'இல்லை' என்றும் எழுத முடியும் என்பதற்கே அதனை நினைவூட்டுகிறோம்.

இரண்டாவது மறுப்பு வலியது. 'புளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நாக்குக்கு எட்டும் சுவையும் இல்லை. மக்களைக் கேட்டால் பழகிய கிணற்று நீரே இனிது என்பர். அவர்கள் சொல்வதைக் கொண்டா பொருத்தம் பார்ப்பது?' இதனை நாம் ஒதுக்கித் தள்ளவில்லை. மக்கள் சொல்வதெல்லாம் உண்மை என்று பகுத்தறிவாளர் எவரும் சொல்லார்; அப்படியானால் முன்வினையும் உண்மையாகிவிடும். மக்களுக்குத் தெரியாததை ஆய்வுக்கூடம் சொல்லவேண்டும். ஆனால் ஆய்வுக்கூடத்துக்குத் தெரியாததை மக்கள்தாம் சொல்லமுடியும். குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் வருகிறது, யார் இரவில் விழித்திருந்து பிடிக்கிறார், குழாயின் கடைக்கோடியில் எந்தத் தெரு இருக்கிறது என்பதை எந்தச் சோதனைக் குப்பியும் சொல்லாது. கடைக்கோடித் தெரு பெரும்பாலும் எவர் தெருவாக இருக்கும் என்பதை இந்நாட்டில் விளக்கவேண்டியதில்லை. அறிவியலும் மக்கள் குரலும் சேர்ந்தால்தான் பொருத்தம் பார்த்ததாகும்.

இரண்டும் சேரும் இடம் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடம். நிலையான முன்பற்களின் மேற்பூச்சு, குழந்தை பிறந்தது முதல் ஏழெட்டு வயதுக்குள் உருவாகி முடிகிறது. அந்த ஆண்டுகளில் குடித்த நீரின் வரலாறு பல்லில் எழுதப்படுகிறது. பிறகு எவராலும் அழிக்க முடியாது. 2013-க்குப் பின் பிறந்து அதே ஊரில் வளர்ந்த குழந்தைகள் இன்று நம் நடுநிலைப் பள்ளிகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு முன் பிறந்த அண்ணன் அக்காளின் பல்லோடு அவர்கள் பல்லை ஒப்பிட்டால், திட்டம் பொருந்தியதா இல்லையா என்பது தெரிந்துவிடும். இதற்கான தரவரிசையை அமெரிக்கப் பல் மருத்துவர் டீன் 1930-களிலேயே வகுத்துவிட்டார். ஒரு பல் மருத்துவரும், ஒரு நாளும், நல்ல வெளிச்சமும் போதும்.

நாம் கேட்க வேண்டியவை

இது பழங்கதை பேசும் வேலை அன்று. ஒகேனக்கல் இரண்டாம் கட்டத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021-இலேயே அறிவித்திருக்கிறது. முதற்கட்டத்தின் பொருத்தத்தை நேர்மையாக எழுதாவிட்டால், அதே பிழைகள் பெருந்தொகையோடு மீண்டும் குழாயில் இறங்கும். ஆகவே இளந்தோழர்கள் கேட்கவேண்டியவை சில உண்டு.

மதிப்பீட்டு அறிக்கை தமிழில் வேண்டும். ஓசூர், தளி வட்டாரத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ளோர் மிகுதி என்பதால் அம்மொழிகளிலும் வேண்டும். மாவட்டச் சராசரி போதாது. ஒவ்வொரு குடியிருப்பின் தொட்டி நீரிலும் புளோரைடு எவ்வளவு என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதவேண்டும். கலந்த நாளையும், கலந்த அளவையும் அதே சுவரில் குறிக்கவேண்டும். அஞ்செட்டி மலைக் குடியிருப்புகளும், ஓசூர்த் தொழிலாளர் வாடகை வரிசைகளும், கடைக்கோடித் தெருக்களும் மதிப்பீட்டில் தனித்தனியாகக் கேட்கப்படவேண்டும். மார்ச் 22-ஆம் நாள், உலக நீர் நாளில், தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. அந்தச் சபையில் அறிக்கையின் பொருத்தப் பகுதியை உரக்கப் படித்து, 'இது உண்மையா?' என்று ஊரைக் கேட்கவேண்டும். தர மறுப்பவரிடம் பெற, 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது.

இவை எவற்றுக்கும் டோக்கியோவின் இசைவு தேவையில்லை. ஒரு சோதனைப் பெட்டியும், ஒரு குறிப்பேடும், கூச்சமின்றிக் கேட்கும் நாவும் போதும். ஊருக்கு ஐந்து இளைஞர் முன்வந்தால், ஓராண்டில் இரு மாவட்டத்துக்கும் மக்களே எழுதிய மதிப்பீடு ஒன்று உருவாகிவிடும். அதனை எடுத்துச் சென்று, அயல்நாட்டு மதிப்பீட்டாளரின் மேசைமேல் வைப்போம். நம் அரசின் மேசைமேலும் வைப்போம். பொருத்தத்தை எழுதும் கை எவருடையதாயினும் ஆகுக. அதனைச் சொல்லும் வாய், அந்தத் தண்ணீரைக் குடிக்கும் வாயாக இருக்கவேண்டும்.